திறப்பு விழா உண்டு, ரிப்பேர் விழா?

அடிபம்புத் திறப்பு விழா எதற்காவது போயிருக்கிறீர்களா? போகாவிட்டால் ஒரு நல்ல கலை நிகழ்ச்சியைத் தவறவிட்டுவிட்டீர்கள்.

காலை பத்து மணிக்கு விழா என்று நோட்டீஸ் அடித்திருப்பார்கள். பத்து மணிக்கு மைக் செட்காரர் மட்டும் வந்து, 'ஹலோ... ஹலோ... மைக் டெஸ்டிங்' என்று காக்கைகளுக்கு வரவேற்புரை வழங்கிக்கொண்டிருப்பார். பன்னிரண்டரைக்குத் தலைவர் வருவார். பம்புக்கு மாலை, சந்தனம், குங்குமம். கைப்பிடியில் ரிப்பன். கத்தரிக்கோலை யாரும் கொண்டு வந்திருக்க மாட்டார்கள். ஒருவர் டெய்லர் கடைக்கு ஓடுவார். ரிப்பன் வெட்டியதும் தலைவர் போட்டோவுக்காக நாலு அடி அடிப்பார். ஐந்தாவது அடியில் தண்ணீர் குபீரென்று வந்து வேட்டியை நனைக்கும். கைதட்டல்.

அப்புறம் கல்வெட்டு. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், நன்றி நவின்றவர் என்று ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு வேண்டிய அத்தனை பெயர்களும் அதில் இருக்கும். இல்லாதது ஒன்றே ஒன்றுதான். பம்பு கெட்டுப்போனால் யாரிடம் சொல்வது? யார் வருவார்? செலவு யாருடையது?

இந்த வாரம் அந்த எழுதப்படாத வரியைப் பற்றித்தான் பேசப்போகிறோம். தமாஷான விஷயமில்லை. அந்த ஒரு வரி இல்லாததால் எத்தனை லட்சம் பெண்கள் இடுப்பிலும் தலையிலும் குடத்தோடு எத்தனை லட்சம் மைல் நடந்திருக்கிறார்கள் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லாது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

250 பேருக்கு ஒரு பம்பு என்பது நம் நாட்டில் வெகுகாலம் இருந்த அரசாங்கக் கணக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர். ஆக, ஒரு பம்பு தினம் பத்தாயிரம் லிட்டர் தர வேண்டும். நல்ல பம்பு ஒன்று 40 அடிக்குச் சுமார் 15 லிட்டர், அதாவது ஒரு குடம் தரும். பத்தாயிரத்தைப் பதினைந்தால் வகுத்து நாற்பதால் பெருக்குங்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 27,000 அடி! வருஷத்துக்கு ஒரு கோடி, கொஞ்சம் முன்னே பின்னே.

வருஷத்துக்கு ஒரு கோடி தடவை எதைத் தூக்கி இறக்கினாலும் அது தேயும். இரும்பு தேயும், தோல் தேயும், ரப்பர் தேயும், நம் பொறுமையும் தேயும். பம்பு கெட்டுப் போவது விபத்தே அல்ல. அது பம்பின் ஜாதகத்திலேயே எழுதியிருக்கிறது. குழந்தைக்குப் பல் விழும் என்று தெரிந்தே பெற்றுக்கொள்கிறோம் இல்லையா, அது மாதிரி. ஆனால் பம்பு விஷயத்தில் மட்டும், ஒவ்வொரு தடவை கெடும்போதும் ஏதோ நடக்கக்கூடாதது நடந்துவிட்டது போல ஊரே அதிர்ச்சி அடைகிறது.

இந்த அதிர்ச்சிக்கு ஒரு சரித்திரம் உண்டு.

1966-67ல் பீகாரில் கடும் வறட்சி. 1967ல் யூனிசெஃப் உதவியுடன், காற்றழுத்தத்தால் பாறையைக் குடையும் ரிக் இயந்திரங்கள் வந்து இறங்கின. அதுவரை கிணறு வெட்ட மாதக்கணக்கில் வெடி வைத்துக்கொண்டிருந்த பாறைப் பூமியில், ஒன்றிரண்டு நாளில் துளை போட்டுத் தண்ணீரைத் தொட முடிந்தது. பெரிய புரட்சிதான். தண்ணீரைத் தொட்டாயிற்று, மேலே கொண்டு வருவது எப்படி? கடையில் கிடைத்த வார்ப்பிரும்புப் பம்பை வாங்கி மேலே மாட்டினார்கள். அங்கேதான் வந்தது வினை.

அந்தப் பம்பெல்லாம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பண்ணை வீட்டுக்காரர்கள் வைத்திருந்ததன் நகல். அப்பா, அம்மா, நாலு பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கணக்குப்படியே அவர்களுக்கு நாளைக்கு 16 குடம், 640 அடி. 640 அடிக்குப் பிறந்த பம்பைக் கொண்டு வந்து 27,000 அடிக்கு நிறுத்தினால் என்ன ஆகும்? மாட்டு வண்டியில் யானையை ஏற்றினால் என்ன ஆகுமோ அது ஆகும். கைப்பிடி உடைந்தது. பின் தேய்ந்து, அது மாட்டியிருந்த வட்ட ஓட்டை முட்டை ஓட்டையாயிற்று. 1974 வாக்கில் எண்ணிப் பார்த்தபோது, போட்ட பம்புகளில் நாலில் மூன்று வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. நாலு பேர் தோள் கொடுக்க வேண்டிய இடத்தில் ஒருத்தர்தான் நிற்கிறார், மீதி மூன்று பேர் லீவு!

மகாராஷ்டிரத்தில் மட்டும் ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஜல்னா, ஷோலாப்பூர் பகுதிகளில் மிஷன் பட்டறைகளும் உள்ளூர் மெக்கானிக்குகளும் வார்ப்பிரும்பை விட்டுவிட்டு எஃகில் பம்பு செய்துகொண்டிருந்தார்கள். ஒரே அச்சு, அதில் பேரிங், கைப்பிடியிலிருந்து கம்பியைத் தூக்க ஒரு செயின். அந்தப் பம்புகள் அவ்வளவு சீக்கிரம் படுக்கவில்லை. யூனிசெஃப்பும், சென்னையில் இருந்த மத்திய அரசின் இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையமும், ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் சென்னைத் தொழிற்சாலையும் சேர்ந்து ஷோலாப்பூர் பம்பைத் திருத்தி வடிவமைத்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் 1976-77ல் அதை நிறுத்தி, நம் பெண்கள் கையில் கொடுத்துப் பரீட்சை வைத்தார்கள். பாஸாகிவிட்டது.

அதற்குப் பெயர் 'இந்தியா மார்க் டூ'. கேட்டால் பரீட்சையில் இரண்டே மார்க் வாங்கிய மாதிரி இருக்கிறது. ஆனால் கைப்பம்புகளில் உலக மகா ஹிட் இதுதான். காப்புரிமை கிடையாது, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். ஐ.எஸ்.ஐ. தரம் மட்டும் உண்டு. ஒரு கம்பெனி பம்பின் செயின் இன்னொரு கம்பெனி பம்புக்கும் பொருந்தும். 1990களின் நடுவில் உலகம் முழுக்க ஐம்பது லட்சம் நின்றன. கோவைக் கிராமத்தில் தேறின பம்பு, ஆப்பிரிக்காவில் ஊர் ஊராகக் குடத்தை நிரப்பியது. இதைச் சொல்லி நாம் ஒருநாளாவது காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருக்கிறோமா? கிரிக்கெட்டில் ஒரு கேட்ச் பிடித்தால் மட்டும் தூக்கமாட்டாமல் பட்டாசு வெடிக்கிறோம்.

சரி, நல்ல பம்பு கிடைத்தாயிற்று. கதை முடிந்ததா? இல்லை. பாதிதான் முடிந்தது.

மார்க் டூவின் வயிற்றுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி மேலே இருந்து தண்ணீரை இழுக்கும் பம்பு, நடைமுறையில் இருபது இருபத்தைந்து அடி ஆழம் வரைதான் வேலை செய்யும். அதற்குமேல் நீங்கள் பீமசேனனாக இருந்தாலும் இழுக்க முடியாது. காற்றின் அழுத்தம் அவ்வளவுதான். அதனால் மார்க் டூவில் உறிஞ்சுகிற உறுப்பான சிலிண்டரையே பூமிக்குள் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இறக்கிவிடுவார்கள். மேலே நாம் கைப்பிடியை அமுக்க, ஆழத்தில் பிஸ்டன் மேலே வரும், தண்ணீரைத் தூக்கும். பிஸ்டனைச் சுற்றி வாளி வடிவத்தில் ஒரு வாசர் உண்டு. 'பக்கெட் வாசர்' என்பார்கள். ஆரம்பத்தில் தோல், பிற்பாடு ரப்பர்.

உள்ளங்கையில் அடங்கிவிடுகிற அந்த வாசர்தான் இந்தக் கதையின் வில்லன், ஹீரோ, காமெடியன் எல்லாம். அது தேய்ந்தால் நூறு அடி அடித்தாலும் குடம் நிரம்பாது. மாற்றுவது சுலபம்தானே என்கிறீர்களா? வாசர் இருப்பது நூறு அடிக்குக் கீழே. அதை வெளியே எடுக்க, பத்து பத்து அடியாகக் கோர்த்திருக்கும் இரும்புக் குழாய் முழுவதையும், உள்ளே நிற்கும் தண்ணீர் கனத்தோடு மேலே தூக்க வேண்டும். முக்காலி வேண்டும், பிடிகருவிகள் வேண்டும், பலசாலிகள் வேண்டும், அவர்களை ஏற்றி வர ஒரு வேன் வேண்டும். சட்டைப் பித்தான் அறுந்ததற்கு மேஜர் ஆபரேஷன்!

இதற்காக எழுபதுகளின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் மூன்றடுக்குத் திட்டம் ஒன்று வந்தது. பிறகு மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. கிராமத்தில் பம்புக்கு ஒரு காப்பாளர். ஒன்றியத்தில் சுமார் நூறு பம்புக்கு ஒரு பிட்டர். அதற்கு மேலே ஐந்நூறு பம்புக்கு ஒரு வேன், அதில் ஒரு பட்டாளம். காப்பாளர் வேலை என்ன? நட்டு போல்ட்டு முறுக்குவது, செயினுக்குக் கிரீஸ் போடுவது, பம்படியைச் சுத்தமாக வைத்திருப்பது. பெரிய ரிப்பேர் என்றால்? அவர் கையில் ஏற்கெனவே முகவரி எழுதிய போஸ்ட்கார்டு கொடுத்திருந்தார்கள். அதைத் தபாலில் போட வேண்டும்!

சிரிக்காதீர்கள். அந்தக் காலத்துக்கு அது பிரமாதமான யோசனை. எந்தப் பம்புக்கு என்ன வியாதி என்று வேன் கிளம்புமுன்பே தெரிந்துவிடுமே. வந்த வேகத்தில் பல ஊர்களில் இந்தத் திட்டம் நன்றாகவே ஓடியது. நாலில் ஒன்று வேலை செய்தது போய், நாலில் மூன்றுக்கு மேல் வேலை செய்யும் நிலை வந்தது. ஆனால் எந்தச் சங்கிலிக்கும் ஒரு பலவீனமான கண்ணி உண்டு. போஸ்ட்கார்டு தீர்ந்துபோகும். வேனுக்கு டீசல் இருக்காது. டீசல் இருந்தால் டிரைவர் இருக்க மாட்டார். இருவரும் இருந்தால் வேன், அமைச்சர் வருகை ஏற்பாட்டுக்குப் போயிருக்கும்.

அப்போதெல்லாம் நம் கிராமங்களில் எந்தப் பம்படியிலும் கேட்கக்கூடிய ஒரு சம்பாஷணை இது. ஊர் பெயர் வேண்டாம். உங்கள் ஊராகவும் இருக்கலாம்.

"என்ன பிரசிரண்டு தம்பி, அடிச்சா வெறுங்காத்துதான் வருது."

"எழுதிப் போட்டிருக்கேன் பெரியம்மா."

"போன மாசமும் இதையேதான சொன்ன? எழுதிப் போட்டா தண்ணி வந்துருமா?"

"உள்ள வாசரு தேஞ்சு போச்சு. மாத்தணும்."

"அது என்னா வெல ஆவும்?"

"நாலு பேரு டீ குடிக்கிற காசுதான்."

"அட கூறு கெட்டவனே! அந்தக் காச நானே தர்றேன். வாங்கி மாட்டு."

"மாட்டுறதுன்னா சும்மாவா? வேன் வரணும், ஆளு வரணும், சாங்ஷன் வரணும்..."

"இத்தனையும் வர்றதுக்குள்ள மழையே வந்துரும் தம்பி!"

இதில் பிரசிடெண்ட் அயோக்கியர் இல்லை. பெரியம்மா கஞ்சம் இல்லை. காசு இருக்கிறது, மனசு இருக்கிறது, வாசர் கடையில் இருக்கிறது. ஸ்பேனரும் அதைப் பிடிக்கத் தெரிந்த கையும்தான் இருபது மைல் தள்ளி இருக்கின்றன. அந்த இருபது மைலுக்கு ஒரு மாசம் ஆகிறது. அந்த ஒரு மாசமும் பெரியம்மா பக்கத்து ஊர்க் கிணற்றுக்கு நடக்கிறாள். அங்கே நல்ல தண்ணீரா, நோய்த் தண்ணீரா என்று பார்க்க அவளுக்கு வசதி இல்லை. காலராவும் வயிற்றுப்போக்கும் இப்படித்தான் ஊருக்குள் வந்தன.

பொதுச் சொத்தைப் பராமரிக்க நமக்குத் தெரியாது என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். அது சுத்தப் பொய். ஏரி இருந்ததே! கரை, மதகு, வாய்க்கால் என்று நூற்றாண்டுக் கணக்கில் ஊர்க்காரர்களே பார்த்துக்கொண்டார்கள். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். 'மராமத்து' என்றாலே ரிப்பேர்தான். குடிகள் செய்யும் ரிப்பேர். அதுவும் வெறும் பஜனை பாடி நடக்கவில்லை. மடை திறக்க, அடைக்க, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்க்க, நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். அறுவடையில் அவருக்கு நெல் பங்கு உண்டு. வேலைக்கு ஆள், ஆளுக்குக் கூலி, இரண்டுமே முறையாக எழுதாமலே எழுதப்பட்டிருந்தன.

உடனே 'ஆஹா, பொற்காலம்!' என்று கைக்குட்டையைத் தேட வேண்டாம். மண் சுமந்தவர் பெரும்பாலும் ஒரு ஜாதி, முதல் தண்ணீர் பாய்ந்தது வேறு ஜாதியின் வயலில். வெள்ளைக்காரன் வேறு 1858ல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று போட்டு, வழக்கத்தைச் சட்டமாக்கினான். அதெல்லாம் இருக்கட்டும். நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஏரிக்கு ஒரு நீர்க்கட்டி இருந்தார். பம்பைக் கொண்டு வந்து நிறுத்தியவர்கள் பம்போடு நீர்க்கட்டியைக் கொண்டு வரவில்லை. காப்பாளரை வைத்தார்கள், வாஸ்தவம். அவருக்குச் சம்பளம் கிடையாது, பெரிய ஸ்பேனரும் கிடையாது. போஸ்ட்கார்டு மட்டும் உண்டு.

இந்த ஓட்டையை முதலில் அடைக்கப் பார்த்தவர்களில் ராஜஸ்தான்காரர்கள் முக்கியமானவர்கள். அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா என்று ஒரு கிராமம். அங்கே பங்கர் ராய் 1972ல் தொடங்கிய தொண்டு நிறுவனம், பிற்காலத்தில் 'வெறுங்கால் கல்லூரி' என்று உலகப் புகழ் பெற்றது. அவர்கள் கேட்ட கேள்வி சுலபமானது. சைக்கிள் ரிப்பேர் பண்ணுகிற பையனுக்கு, ரேடியோவைப் பிரித்துப் போட்டு மறுபடி பாட வைக்கிற பையனுக்கு, பம்பு ரிப்பேர் மட்டும் வராதா? கிராமத்துப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்து, கருவிப்பெட்டியைக் கையில் கொடுத்து, முப்பது நாற்பது பம்புக்கு ஒருவர் என்று பிரித்து, அதற்குக் கூலியும் ஏற்பாடு செய்தார்கள். 'ஹேண்ட்பம்ப் மிஸ்திரி' என்று பெயர். வேன் பட்டாளத்தை விடச் செலவு குறைவு. அதைவிட முக்கியம், மிஸ்திரியும் அதே தண்ணீரைத்தான் குடித்தார். பம்பு படுத்தால் அவர் வீட்டிலும் குழம்பு கொதிக்காது. எந்த மேலதிகாரியும் போட முடியாத கண்டிப்பு இது! 1980களில் ராஜஸ்தான் அரசும் இந்த முறையை எடுத்துக்கொண்டது.

இன்னும் ருசியான கதை உத்தரப் பிரதேசத்தில், பாந்தா மாவட்டத்தில். பாறையும் வறட்சியுமான புந்தேல்கண்ட் பூமி. 1990ஐ ஒட்டி அங்கே 'மகிளா சமாக்யா' என்ற அரசுத் திட்டத்தில் பெண்களைப் பம்பு மெக்கானிக்குகளாகப் பயிற்றுவித்தார்கள். பெரும்பாலோர் தலித் பெண்கள். எழுத்து வாசனை கிடையாது. தண்ணீர் சுமந்து சுமந்து கழுத்து தேய்ந்தவர்களுக்கு, பம்பின் வியாதி சத்தத்திலேயே தெரிந்தது. 'பொம்பளைங்க குழாயைத் தூக்குவாங்களா?' என்று திண்ணையில் சிரித்தார்கள். தூக்கினார்கள். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, முறைபோட்டுத் தூக்கினார்கள். ஊர்க் கிணற்றைத் தொடக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட ஜாதியின் கை, இப்போது பம்பின் அடிவயிறு வரை போய் வாசரை மாற்றியது. தாகம் வந்தால் தீட்டு கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறது.

கதை அங்கே நிற்கவில்லை. எந்தப் பம்பை என்றைக்குப் பார்த்தோம், என்ன சாமான் மாற்றினோம் என்று கணக்கு எழுத வேண்டுமே? அதற்காக எழுதப் படிக்கக் கற்றார்கள். கற்றதும் படிக்க ஏதாவது வேண்டியிருந்தது. 1993ல் 'மகிளா டாகியா', அதாவது 'தபால்காரி' என்று ஒரு சின்னச் செய்தித்தாளை அந்தப் பெண்களே எழுதி வரைந்து வெளியிட்டார்கள். அது நின்ற பிறகு, அந்த வேரிலிருந்து 2002ல் 'கபர் லஹரியா' என்று கிராமப் பெண்களே நடத்தும் பத்திரிகை பிறந்தது. அதைப் பற்றிய டாகுமெண்டரிப் படம் 2022ல் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரை போனது. ஒரு பெண் கையில் ஸ்பேனரைக் கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று எந்த இன்ஜினீயராலும் கணக்கிட முடியாது.

இன்ஜினீயர்களும் சும்மா இருக்கவில்லை. 1983 முதல் 1988 வரை கோயம்புத்தூர்ப் பகுதியிலேயே மறுபடி ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. தோல் வாசரை விட நைட்ரைல் ரப்பர் வாசர் நீண்ட நாள் உழைக்கிறது என்று கண்டார்கள். குழாயை அகலமாக்கி, குழாயை விட்டுவிட்டுப் பிஸ்டனை மட்டும் மேலே உருவிவிடும்படி 'மார்க் த்ரீ' செய்தார்கள். வேன் வேண்டாம், பட்டாளம் வேண்டாம். இரண்டு பேரும் சில கருவிகளும் போதும், உள்ளூரிலேயே வாசரை மாற்றிவிடலாம். அகலக் குழாய் விலை அதிகம் என்பதால் மார்க் டூ அளவுக்கு அது பரவவில்லை. ஆனாலும் டிசைன் என்பது 'எவ்வளவு நாள் கெடாது?' என்பது மட்டுமல்ல, 'கெட்டால் யாரால் சரி செய்ய முடியும்?' என்பதும்தான் என்று உலகத்துக்குப் புரிந்தது.

முழுக்கப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2009ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, சஹாராவுக்குத் தெற்கே இருக்கும் இருபது ஆப்பிரிக்க நாடுகளில் மூன்றில் ஒரு பம்புக்கு மேல் வேலை செய்யவில்லை. வெளிநாட்டு உதவியில் வந்து நட்டுவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, பிளேன் ஏறிவிட்டார்கள். திறப்பு விழாப் பைத்தியம் நமக்கு மட்டும் சொந்தமில்லை.

அதே ஆப்பிரிக்காவில், கென்யாவில் கியூசோ என்ற வறண்ட வட்டாரத்தில் 2013ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் ஒரு வேலை செய்தார்கள். கைப்பிடிக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். யாராவது அடித்தால் அது எண்ணும். எண்ணியதை எஸ்.எம்.எஸ்ஸாக அனுப்பும். அடி நின்றால் மெக்கானிக் கிளம்புவார். முன்பு ஒரு பம்பு கெட்டால் சரியாகச் சராசரியில் சுமார் 27 நாள் ஆனது. அது மூன்று நாளுக்குள் வந்துவிட்டது. பாருங்கள், நம்முடைய போஸ்ட்கார்டேதான், கொஞ்சம் மாடர்ன் டிரெஸ் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. வித்தியாசம் கருவியில் இல்லை. செய்தி வந்ததும் கிளம்புவதற்கு ஒரு மெக்கானிக் கூலியோடு காத்திருந்தார், அதில்தான் இருக்கிறது. இன்னொன்றும் நடந்தது. ரிப்பேர் உடனே நடக்கிறது என்று தெரிந்ததும், ஜனங்கள் முன்பைவிட அதிகம் காசு கொடுக்கத் தயாரானார்கள். 'ஏழைகள் காசு தர மாட்டார்கள்' என்பது பாதி உண்மை. வராத மெக்கானிக்குக்குத் தர மாட்டார்கள். அதற்குப் பெயர் ஏழ்மை இல்லை, புத்திசாலித்தனம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்பேனர் சர்வரோக நிவாரணி இல்லை. மார்க் டூ சுமார் 150 அடி ஆழத்துக்கான பம்பு. சுற்றிலும் ஆளுக்கொரு போர் போட்டு, ஆயிரம் அடிக்குக் கீழேயும் மோட்டாரை இறக்கி உறிஞ்சினால், நல்ல பம்பும் நல்ல மெக்கானிக்கும் கைகட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். நம் பக்கத்தில் பல அடிபம்புகள் தலை வெட்டப்பட்டு, மோட்டாரும் சின்டெக்ஸ் டாங்க்கும் வைத்த மினி பவர் பம்பாக மாறினதும், இன்னும் பல, மாடு கட்டும் முளையாகப் பதவி இறக்கம் பெற்றதும் இதனால்தான். அடிவாரத்தில் தண்ணீர் இருந்தால்தானே மேலே மராமத்து!

'இனிமேல் எதற்கு அடிபம்புக் கதை? வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டதே' என்று கேட்பீர்கள். வந்திருக்கிறது. 2019ல் ஜல் ஜீவன் திட்டம் தொடங்கியபோது நாட்டில் ஆறு கிராமத்து வீடுகளில் ஒன்றில்தான் குழாய் இருந்தது. அரசுக் கணக்குப்படி இன்று ஐந்தில் நாலு வீட்டில் இருக்கிறது. 2024க்குள் முடிப்பதாக இருந்த திட்டத்தை 2028 வரை நீட்டித்திருக்கிறார்கள். சந்தோஷம்தான். பெரியம்மா இனி நடக்க வேண்டாம்.

ஆனால் குழாய் என்பது என்ன? அடிபம்பின் பெரிய அண்ணன். அடிபம்பில் கெடுவதற்கு ஒரு செயின், ஒரு பேரிங், ஒரு வாசர். இங்கேயோ மோட்டார், ஸ்டார்ட்டர், கரண்ட் பில், வால்வு, மேல்நிலைத் தொட்டி, அதைக் கழுவுகிற ஆள், தெருவுக்குத் தெரு பைப், ஜாயிண்ட்டுக்கு ஜாயிண்ட் கசிவு. போதாக்குறைக்கு, அடிபம்பு கெட்டால் எல்லோருக்கும் ஒரே மாதிரி கெடும். குழாயில் அப்படி இல்லை. வால்வு இருக்கும் தெருவுக்கு நிறைய வரும், கடைசித் தெருவுக்குக் காற்று வரும். கடைசித் தெரு எந்தத் தெருவாக இருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திட்டத்தில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். கிராமத்துக்கு ஒரு குடிநீர்க் குழு இருக்க வேண்டும், அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று காகிதத்தில் தெளிவாக இருக்கிறது. காகிதத்தில் தண்ணீர் எப்போதும் நன்றாகத்தான் ஓடும். உங்கள் ஊர்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். உறுப்பினர்களிலேயே சிலருக்குத் தெரிந்திருக்காது!

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை உண்டு. 2022லிருந்து நவம்பர் 1ம், உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22ம் சேர்ந்திருக்கின்றன. அங்கே போய் 'புதுசா ஒரு தொட்டி வேணும்' என்று கேட்பவர்கள் நிறைய. அது சுலபம், கைதட்டலும் கிடைக்கும். நீங்கள் கொஞ்சம் அசௌகரியமான மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

நம்ம ஊரில் மோட்டாரோ பம்போ கெட்டால் எத்தனை நாளில் சரியாகிறது?

சரி செய்கிறவருக்குக் கூலி எந்தக் கணக்கிலிருந்து, எந்தத் தேதியில் போகிறது?

ஸ்பேனர் யார் வீட்டில் இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்குச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பதில் வந்துவிட்டால் உங்கள் ஊர் பிழைத்துக்கொண்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், ஒரு நல்ல ஸ்பேனர் செட்டும், அதைப் பிடிக்க ஆர்வமுள்ள நாலு பெண்களுக்குப் பயிற்சியும் தர அதே இடத்தில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். மாலை வேண்டாம், மைக் செட் வேண்டாம், ரிப்பன் வேண்டாம். கத்தரிக்கோலுக்கு டெய்லர் கடைக்கு ஓட வேண்டிய வேலையும் மிச்சம்.